மாலிக்குப் போட்ட வாய்க்கட்டு

“தோண்டியே ஆகணும் மச்சான், இப்பவே...”

“வேணாம்னு எத்தன வாட்டி சொல்றது உனக்கு...”

“நீங்க தள்ளி நில்லுங்க, நான் ஒருத்தனே...”

“மம்பட்டிய விடுய்யா மொதல்ல! ஃபெரட்டு யாருது? உன்னுதா, என்னுதா?”

ஒரே மண்வெட்டிப் பிடியில் நான்கு கைகள். ஒரு பக்கம் மெய்ரிக், மறுபக்கம் அவன் மனைவியின் அண்ணன் இட்வல். ஜனவரிக் காற்று கடலிலிருந்து மணலை வாரி இரண்டு பேர் முகத்திலும் பாரபட்சமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பேச வாயைத் திறந்தால் பல்லில் மணல் நறநறத்தது. அதற்காக இருவரில் ஒருவரும் வாயை மூடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர் இட்வல் வேண்டாம் என்கிறார். முயல் பிடிக்க ஃபெரட்டை இரவல் வாங்கி வந்த மெய்ரிக் பொந்தைத் தோண்டுவேன் என்று குதிக்கிறான். ஆள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த மணல்தேரியில் அன்றைக்குக் கடற்காக்கைகளைத் தவிர யாரும் இல்லை.

“மாலி தின்னுட்டுத் தூங்குறா மாப்ளே, அவ்வளவுதான் விசயம்,” என்றார் இட்வல். மண்வெட்டி இப்போது அவர் கைக்குப் போயிருந்தது. “உள்ள கொழுத்த முயலா ஒண்ண மூலைல மடக்கியிருப்பா. வயிறு முட்டத் தின்னுட்டு அது மேலயே சுருண்டு படுத்திருப்பா. வெளிய அடிக்கிற காத்துக்கு நீயா இருந்தா எந்திரிச்சு வருவியா?”

“காலைல விட்டது மச்சான். இன்னுமா தூங்குவா?”

“உன் கல்யாணத்தன்னிக்கு நீ எவ்வளவு நேரம் தூங்குன? மாப்பிள்ளையக் காணோம்னு நான்தான வந்து கதவத் தட்டுனேன்? உன்ன என்ன, மம்பட்டி வச்சா தோண்டி எடுத்தேன்?”

வேறொரு நாளாக இருந்தால் மெய்ரிக் சிரித்திருப்பான். அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, இருவரும் மணலில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் இருக்கும் தேநீரைப் பங்குபோட்டுக் குடித்திருப்பார்கள்.

மாலி, முயல் வேட்டைக்குப் பழக்கிய வெள்ளைப் பெட்டை ஃபெரட். கீரி ஒன்றைப் பாலில் தோய்த்து எடுத்ததுபோல இருப்பாள். கண் மட்டும் சிவப்பு. முயல் பொந்தின் வாய்களிலெல்லாம் சுருக்குவலையைப் பரப்பி முளையடித்துவிட்டு, அவளை ஒரு வாயில் விட்டால் போதும். காலுக்கடியில் தரைக்குள் தடதடவென்று சத்தம் கேட்கும். அடுத்த நொடி ஏதோ ஒரு வாயிலிருந்து முயல் பாய்ந்து வந்து வலையில் உருளும். சில சமயம் முயல் வெளியே பாயாமல் உள்ளேயே முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். அப்போது ஃபெரட் அதைக் கொன்று, தின்று, அதன் சூட்டிலேயே தூங்கிவிடும். பிறகு மனுசன் செய்ய எதுவுமில்லை. பெட்டியில் வைக்கோல் போட்டு வாயருகே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடிந்து வந்து பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோலப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும்.

இட்வல் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. மாலியின் வாய் திறந்திருந்தால்.

அது திறந்திருக்கவில்லை. காலையில் மெய்ரிக்தான் தன் கையால் கட்டினான். தார் பூசிய மீன்வலை நூல். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, பிடரியில் இன்னொரு முடிச்சு. வாயைக் கட்டிய ஃபெரட் முயலை விரட்டும். கொல்லாது, தின்னாது, தூங்காது. விரட்டி முடித்ததும் வெளியே வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். என்ன, வெளியே வரவில்லையென்றால்தான் வினை. வாய் கட்டிய பிராணி உள்ளே மாட்டிக்கொண்டால் அதனால் எதையும் கடிக்கவும் முடியாது, தின்னவும் முடியாது.

புதன்கிழமை அவன் மகள் நெரிஸுக்குக் கல்யாணம். யுத்தம் முடிந்தும் கறிக்கு ரேஷன் முடியவில்லை. அட்டைக்குக் கிடைக்கிற கறியை நம்பினால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாறுகூடத் தேறாது. முயல்கறியை மாவில் பொதிந்து சுட்டு ஊருக்கே போடுகிறேன் என்று அவன் மனைவி மென்னா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மெய்ரிக்கின் சொந்த ஃபெரட்டோ இலையுதிர்காலத்தில் இருமி இருமியே செத்துப்போயிருந்தது. அதனால்தான் அவன் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றான்.

இட்வல் யாருக்கும் மாலியை இரவல் கொடுப்பவரில்லை. மருமகள் கல்யாணம் என்பதால் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்:

“ரெண்டே விசயம் மாப்ளே. ஈரத்தோட பெட்டில போடாத. வாயக் கட்டாத. விருந்துக்குக் கூப்புட்டு வாயக் கட்டி உக்கார வைக்கிற பழக்கம் எங்க வீட்ல கெடையாது.”

“நான் கட்டுவேனா மச்சான்?”

அன்றைக்கு அவன் சொன்னது நிஜம்தான். வியாழக்கிழமை கட்டாமல்தான் விட்டான். முதல் பொந்திலேயே மாலி தின்றுவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினாள். ஒற்றை முயலோடு வீட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை பனிமழை. சனிக்கிழமை விடிந்ததும் மென்னா மாவுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நூலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். பலனில்லாமல் போகவில்லை. மூன்று பொந்து கலைப்பதற்குள் சைக்கிள் நிறைய முயல். நாலாவது பொந்துக்குள் போன மாலிதான் வரவே இல்லை. நேரமாகியும் அவளைக் கொண்டுவந்து விடவில்லையே என்று இட்வலே தேரிக்குத் தேடி வந்துவிட்டார்.

“ஏன் மாப்ளே,” இட்வல் தலையைச் சாய்த்து அவனை ஒரு மாதிரி பார்த்தார். “என் ஃபெரட்டு. நானே பேசாம நிக்குறேன். உனக்கு ஏன் இந்தப் பதட்டம்?”

“பதட்டமில்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, ஓய்வுநாள். தோண்ட முடியாது. அதான்.”

“திங்கக்கெழமை இல்லையா? ரெண்டு நாளைக்கு உள்ள கறி கெடக்கு, தின்னட்டும்.” அவர் ஒரு கணம் நிறுத்தினார். “வாயக் கட்டலியே நீ?”

காற்று சுழன்று அடித்தது. சொல்வதற்கு அதுதான் நேரம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தோண்டியிருக்கலாம்.

“சேச்சே. என்ன மச்சான் நீங்க.”

“கேட்டேன். கோவிச்சுக்காத.”

இட்வல் தன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்துப் பெட்டிக்குள் வைக்கோல்மேல் பரப்பினார், தன் வாசனை பிடித்து வரட்டும் என்று. மற்ற வாய்களைப் புல்லோடு பெயர்த்த மண்கட்டியால் அடைத்தார். பிறகு முழங்கால் போட்டுப் பொந்துக்குள் தலையை நீட்டி, “மெதுவா வா தாயி. அவசரமில்ல,” என்றார். மண்வெட்டியைப் புல்லுக்கடியில் செருகிவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். அந்தக் கையின் கனம் வீடுவரை மெய்ரிக்கின் தோளை விட்டு இறங்கவில்லை.

மென்னா அடுக்களையில் முயல் உரித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் தோலை உருவிப் போடுவாள். கை தன் பாட்டுக்கு வேலை பார்க்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும்.

“நல்ல வேட்டை. இன்னும் திங்கக்கெழமை ஒருவாட்டி போயிட்டு வந்தீங்கன்னா போதும். மாலி எங்க, அண்ணன் கொண்டு போயிட்டாரா? ரெண்டு ஈரல் எடுத்து வச்சேன் அவளுக்கு.”

“உள்ள தூங்குறா. பெட்டி வச்சிட்டு வந்திருக்கோம்.”

“கழுத. சரி, உக்காருங்க. சூப்பு இருக்கு.”

அவன் உட்கார்ந்தான். கரண்டியை எடுத்தான். வைத்தான்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதவரா சூப்ப இப்படி மொறச்சுப் பாக்குறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?”

“பசியில்ல மென்னா.”

“காலைலேந்து தேரில நின்னுட்டு வந்து பசியில்லையாம். இங்க பாருங்க. அண்ணன்கூட ஏதாவது வாய்த்தகராறா? கல்யாணம் வச்சிருக்கோம்...”

“வாயக் கட்டிட்டேன்,” என்றான் மெய்ரிக்.

“யாரு வாய?”

“மாலி வாய. நூலு போட்டு.”

மென்னாவின் கை நின்றது. பாதி உரிந்த முயல் அவள் கையில் தொங்கியது. 

“அண்ணன் கேட்டாரா?”

“கேட்டாரு. கட்டலன்னு சொல்லிட்டேன்.”

“ஐயோ, மனுசா.”

“இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். லாந்தரை எடுத்துட்டு ரெண்டு பேருமா...”

“உக்காருங்க!” அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். கையில் ரத்தம். “எங்க அண்ணனப் பத்தி உங்களவிட எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு எலிஸ் ஒரு நாளு அண்ணன் தோட்டத்துக் கேட்டை மூட மறந்தான். ஒரே ஒரு நாளு. இன்னிக்கு வரைக்கும் அண்ணன் அவன்கிட்ட மொகம் குடுத்துப் பேசுறாரா? அவன் பெண்டாட்டி செத்ததுக்குக்கூடத் தெருவுல நின்னு தொப்பியக் கழட்டுனாரே தவிர வாசப்படி ஏறல. அது வெறும் தோட்டத்துக் கேட்டு. இது மாலி. அதுக்கு மேல பொய்யும் சொல்லிருக்கீங்க.”

“அதுக்காக...”

“புதன்கெழமை நெரிஸுக்கு ஜெபம் பண்ண யாரு நிக்கணும்? தாய்மாமன்தானே? அந்தப் பொண்ணு, மாமா என்ன சொல்லி ஜெபிப்பாருன்னு இப்பவே கேட்டுட்டுத் திரியுது. இன்னிக்கு நீங்க போய்ச் சொன்னீங்கன்னா அவரு கோயிலுக்கே வரமாட்டாரு.”

“அது உள்ள கெடந்து சாகுமே மென்னா.”

“நூலு அறுந்துராதா?”

“தாரு நூலு.”

அவள் இடுப்பில் கட்டியிருந்த துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள். அவளும் ஈரல் எடுத்து வைத்தவள்தான்; கல்மனசுக்காரி இல்லை.

“வந்துருவா. சும்மா வழி தெரியாம சுத்திட்டிருப்பா. நாளைக்குக் காலைல பெட்டிக்குள்ள இருப்பா பாருங்க. அண்ணனுக்கு முன்னாடி நீங்க போய் நூல அறுத்துருங்க. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்.”

இரண்டு ஈரலும் தட்டில் கிடந்தன. மெய்ரிக் அவற்றைப் பார்க்காமலிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மென்னா சொன்னதை நம்ப வேண்டும்போல இருந்தது. அதனால் நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அவன் தேரிக்குப் போனான். ஆனால் அங்கே இட்வல் அவனுக்கு முன்பே வந்து நின்றிருந்தார், கோயில் கோட்டும் தொப்பியுமாக. பெட்டி காலி. மஃப்ளர் பரப்பியபடியே கிடந்தது.

“ஓய்வுநாள்னாலும் பாக்கறது வேலையில்லயே மாப்ளே, அதான் வந்தேன்,” என்றார், ஏதோ குற்றம் செய்தவர்போல. “மெத்தை சுகம் கண்டுட்டா போல. வா, நேரமாச்சு.”

ஆலயத்தில் மூப்பர்களின் இருக்கை பிரசங்கபீடத்துக்குக் கீழே, சபையைப் பார்த்தபடி இருக்கும். இட்வல் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய கோட்டின் மார்பு ஒரு பக்கம் புடைத்திருக்கும். பிரசங்கம் நீண்டுவிட்டால் பொத்தான் இடைவெளியில் ஒரு வெள்ளை மூக்கு எட்டிப்பார்த்துக் கொட்டாவி விடும். போதகருக்கும் தெரியும், மூக்கு வெளியே வந்தால் அவரும் சீக்கிரம் முடித்துக்கொள்வார். தனியாளாக இருக்கிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று ஊர் அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது.

அன்றைக்குக் கோட்டின் மார்பு தட்டையாக இருந்தது.

“மூப்பர் கோட்டுல இன்னிக்கு ஆளக் காணோமே,” பின்வரிசையில் ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

“தேரில விருந்தாம். தின்னுட்டுத் தூங்குதாம்.”

“குடுத்து வச்சது. நமக்கு இங்க ரேஷன் பிரசங்கம்கூடக் கெடையாது, முழுசும் கேக்கணும்.”

மென்னா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெரிஸ் தன் வருங்காலக் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெய்ரிக் அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இட்வலின் கை, தன்னையறியாமல், அடிக்கடி மார்புக்குப் போய்த் தடவிவிட்டு ஒன்றுமில்லாமல் கீழே இறங்கியது.

ஜெபம் பண்ணும் முறை அன்றைக்கு அவருடையது. எழுந்து நின்றார். நோயாளிகளுக்காக வேண்டினார். கடலில் இருப்பவர்களுக்காக வேண்டினார். புதன்கிழமை மணமேடை ஏறும் மருமகளுக்காக வேண்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “குளிரிலே கிடக்கிற வாயில்லா ஜீவன்களையும் நினைத்தருளும் சுவாமி,” என்றார்.

மெய்ரிக் எழுந்தான்.

“எங்க போறீங்க?” மென்னா அவன் சட்டைக்கையைப் பிடித்தாள். “உக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

“அப்பா?” என்றாள் நெரிஸ்.

அவன் பெஞ்சில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஜெபத்தின் நடுவே ஆண்பிள்ளை எழுந்து போனதை அந்த ஆலயம் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவு அவன் பின்னால் அறைந்து சாத்திக்கொண்ட சத்தத்தில் இட்வலின் குரல் ஒரு கணம் தடுக்கி, மறுபடி தொடர்ந்தது அவனுக்குக் கேட்டது.

புல்லுக்கடியில் மண்வெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலிருந்து வெட்டத் தொடங்கினான். தேரி மணலில் குழி வெட்டுவது தண்ணீரில் குழி வெட்டுவதுபோல. ஒரு கூடை அள்ளினால் இரண்டு கூடை சரியும். ஒரு தடவை இடுப்பளவு இறங்கினான். பக்கம் சரிந்து முழங்காலை மூடியது. மறுபடி அள்ளினான். மண்வெட்டி அவளையே வெட்டிவிடுமோ என்று பயம் வந்ததும் அதை எறிந்துவிட்டுத் தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியால் அள்ளினான். நடுவில் ஒரு தடவை காதை மணலில் ஒட்டவைத்துக் கேட்டான். தன் இதயம் அடிக்கிற சத்தம்தான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டான். எங்கோ, பக்கவாட்டில், நகத்தால் காகிதத்தைச் சுரண்டுவதுபோல ஒன்று. சுரண்டியது, நின்றது, மறுபடி சுரண்டியது.

“மாலி!” என்றான். “இரு, இரு, வந்துட்டேன்.”

“ஓய்வுநாளு!” தலைக்குமேல் இடிபோல ஒரு குரல். “ஓய்வுநாள்ல மம்பட்டியா? ஜெபத்துல எந்திரிச்சுப் போனது இதுக்குத்தானா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?”

இட்வல் குழியின் விளிம்பில் நின்றார். ஆலயத்திலிருந்து நேராக வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

“கத்தாதீங்க மச்சான், சத்தம் கேக்குது, கேளுங்க...”

“அவளே வருவான்னு சொன்னேன்ல? சபை முன்னாடி என் தங்கச்சியத் தலைகுனிய வச்சிட்டு, இங்க வந்து என் பொந்தையும் இடிச்சு... மேல ஏறி வா! ஏறி வாய்யா!”

“அவளால வர முடியாது மச்சான்.”

“ஏன் முடியாது? நாப்பது வருசமா நான் பாக்காததா...”

“வாய் கட்டியிருக்கு!”

அவன் கத்தினது அவனுக்கே அதிகமாகக் கேட்டது.

“நான்தான் கட்டுனேன். தாரு நூலு. நேத்து நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்.”

இட்வல் திட்டுவார் என்று காத்திருந்தான். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.  இட்வல் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். கோட்டை ஒழுங்காக மடித்து, தொப்பியை அதன்மேல் வைத்தார். பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார். பலகை பிளந்தது. இன்னொரு மிதி.

“மேலேந்து வெட்டுனா கூரை அவ மேல விழும்,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வேலைக்காரனிடம் வேலை சொல்கிற குரல். “அந்தப் பக்கம் வா. காத்தடிக்காத பக்கம். நான் பலகையச் சொருகுறேன், நீ அதுக்கடில கையால அள்ளு. கையால. மம்பட்டியத் தொட்டா உன் மணிக்கட்ட ஒடச்சிருவேன்.”

மூப்பர் இட்வல், ஓய்வுநாளில், வெள்ளைச் சட்டையோடு வயிற்றின்மேல் படுத்தார். பலகையை மணலுக்குள் அழுத்தினார். மெய்ரிக் அதற்கு அடியிலிருந்து வாரினான். ஒரு பலகைக்கு அப்புறம் இன்னொன்று. நகக்கண்ணில் ரத்தம் வந்தது.  “ம்” என்பார் இட்வல், இவன் வாருவான். “இரு” என்பார், நிற்பான். அவர் காதை வைத்துக் கேட்பார். சுரண்டல் சத்தம் முன்பைவிடச் சோர்ந்துபோயிருந்தது.

திடீரென்று மெய்ரிக்கின் விரல்கள் வெறும் காற்றைத் தொட்டன. பிறகு மயிரை.

“இருக்கா மச்சான். இருக்கா.”

“இழுக்காத! என்ன புடிச்சிருக்குன்னு பாரு.”

அவன் விரலால் தடவிப் பார்த்தான்.  பிடரியில் போட்ட முடிச்சின் நூல்முனையை நீளமாக விட்டிருந்தான், அவிழ்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அந்த முனை பொந்தின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த மணற்புல் வேரில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் திரும்பத் திரும்பச் சுழன்று அதைத் தானே இறுக்கியிருந்தாள். இன்னும் ஓர் ஆள் உயரத் தூரம் ஊர்ந்திருந்தால் வெளிச்சம். அவ்வளவு பக்கத்தில்தான் ஒரு நாளும் ஓர் இரவும் கிடந்திருக்கிறாள். வாய்க்கட்டு இல்லாவிட்டால் அந்த வேரை ஒரே கடியில் அறுத்திருப்பாள். வாய்க்கட்டு இல்லாவிட்டால் மாட்டியே இருக்கமாட்டாள்.

“நூலு,” என்றான். “வேருல.”

இட்வல் பேனாக்கத்தியை விரித்து நீட்டினார். அவன் வேரை அறுத்தான். இட்வல் அவனைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டு மாலியை எடுத்தார்.

நைந்த கையுறைபோலத் துவண்டு வந்தாள். கண்ணெல்லாம் மணல். தாடையில் நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. நகத்தால் அவளே கிழித்துக்கொண்ட கோடுகள் மூக்கிலிருந்து காதுவரை இருந்தன. வெள்ளை மயிர் பழுப்பாகக் காய்ந்திருந்தது. இட்வல் கத்தியின் முனையை நூலுக்கடியில் நுழைத்தார். முனை நழுவியது; மறுபடி நுழைத்தார்.

“நான் புடிச்சுக்கவா மச்சான்?”

“தொடாத.”

நூல் அறுந்தது. மாலி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு மட்டும் அசைந்தது.

“கைக்குட்டைய நனைச்சுட்டு வா. ஓடு.”

தேரிகளுக்கு நடுவே மழைநீர் தேங்கிய பள்ளத்துக்கு மெய்ரிக் ஓடினான். மேலே ஏடுபிடித்திருந்த பனியைக் குதிகாலால் உடைத்து, கைக்குட்டையை முக்கிக்கொண்டு ஓடி வந்தான். இட்வல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். மார்பு ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. ஈரத்துணியை வாங்கி இடைவெளிக்குள் ஒரு சொட்டு பிழிந்தார். காத்திருந்தார். இன்னொரு சொட்டு. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து சப்புகிற சத்தம் மெல்லக் கேட்டது.

“பொழச்சுக்குவாளா?”

“தெரியல.”

“நான் வேணா வெட்னரி டாக்டர...”

“ஞாயித்துக்கெழமை வரமாட்டாரு.”

மெய்ரிக் நின்றுகொண்டே இருந்தான். உட்கார உரிமையில்லை என்று தோன்றியது. தொப்பி மணல் நிறைந்து குழிக்குள் கிடந்தது. எதையாவது சொல்ல வேண்டும்.

“மன்னிச்சிருங்க மச்சான். கல்யாண அவசரத்துல...”

“கட்டுனது விடு,” என்றார் இட்வல். துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை. “ஊர்ல எல்லாரும்தான் கட்டுறாங்க. நேத்து நீ மம்பட்டியப் புடிச்சு இழுத்தியே, அப்ப எனக்கு மண்டைல ஏறியிருக்கணும். ஏறல.” இன்னொரு சொட்டு. “மென்னாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதைச் சொன்னால் அண்ணன் தங்கைக்குள் பிளவு வராது. புதன்கிழமை அவளாவது தலைநிமிர்ந்து நிற்கலாம். சொல்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பார்த்தான். நேற்றும் இப்படித்தான் சுலபமாக இருந்தது.

“தெரியும். நேத்து சாயங்காலமே சொல்லிட்டேன்.”

“சொல்ல வேணாம்னுருப்பா.”

மெய்ரிக் தலையைக் குனிந்துகொண்டான்.

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிருக்கீங்க.” இட்வல் கோட்டின் இடைவெளியைக் கையால் மூடினார், காற்று உள்ளே போகாமல். சண்டைக்காரர் முகமாக இல்லை அது. நெடுநேரம் நடந்து வந்து, வீடு பூட்டியிருப்பதைக் கண்டவர் முகம்போல இருந்தது. “கூடப் பொறந்தவ ஒருத்தி. கூடப் பொறக்காட்டியும் அப்படி நெனச்ச ஒருத்தன். ஒரு உசுரு உள்ள கெடந்து சாகட்டும், இவன்கிட்ட மட்டும் சொல்லிரக் கூடாதுன்னு விடியவிடிய இருந்திருக்கீங்க. நீயே சொல்லு மாப்ளே, நான் அவ்வளவு பொல்லாதவனா?”